கிரிசாகாவின் வடக்குச் சுவர்

வியாழக்கிழமை மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, முதல் வாய் எடுப்பதற்கு முன் திரையைத் திரும்பிப் பார்த்த சண்முகப்ரியா, டப்பாவை அப்படியே மூடி வைத்தாள். முழுக்கப் பச்சையாக இருக்க வேண்டிய சுவரின் நடுவில், இரண்டு ஆள் உயரத்தில், ஒரு சிவப்புத் திட்டு தெரிந்தது. ஒரு கார் நிற்கிற அளவுக்கு இருந்தது.

அவள் வேலை செய்த கம்பெனி கலிபோர்னியாவில், லிவர்மோரின் ஊர்க்கோடியில், திராட்சைத் தோட்டங்கள் தொடங்கும் இடத்தில் இருந்தது. பழைய கட்டிடங்களையும் இடிபாடுகளையும் ட்ரோனில் லேசர் வைத்து அளந்து, அந்த அளவுகளிலிருந்து அவை ஒரு காலத்தில் எப்படி நின்றன என்று படம் செய்து கொடுப்பது தொழில். அந்த வருடம் அவள் கையில் இருந்தது கிரிசாகா கோட்டை. மேற்கு ஜப்பானில், சீமைப் பனிச்சைப் பழத் தோப்புகளுக்கு நடுவே நாலாயிரம் பேர் வாழும் ஒரு மலையூர் கிரிசாகா. கோட்டை என்று பெயர்தான், மேலே ஒன்றும் கிடையாது. மலையைச் சுற்றிக் கருங்கல் சுவர்கள் மட்டும் மிச்சம். அந்தச் சுவர்களின் மேல் மரக்கோபுரமும் வாசல்களும் எழும்பி நிற்பதுபோல் இருபது நிமிடப் படம் ஒன்றை இலையுதிர் காலத்துக்குள் முடித்துத் தர வேண்டும். இரண்டு வருடம் முன்பு எடுத்த அளவையும் போன வாரம் எடுத்த அளவையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இடையில் வளர்ந்த மரம் மட்டைகளைக் கழிப்பதற்காகத்தான் அன்று காலை ஒப்பிட்டுப் பார்த்தாள். நகராதது பச்சை, நகர்ந்தது சிவப்பு. செடி கொடிகள் சிவப்பாக வரும் என்று தெரியும். கல் சிவப்பாக வரக்கூடாது.

பதினான்கு சென்டிமீட்டர் என்றது கணினி. சுவர் நடுவில் முன்னுக்குத் தள்ளியிருந்தது.

முதலில் அவளுக்கு வந்தது சுவரைப் பற்றிய பயம் இல்லை, தன்னைப் பற்றிய பயம். ஏழு வருடம் முன்பு டெக்சாஸில், ரவுண்ட் ராக்கில் வேலை பார்த்தபோது, நாலு மாடிக் கார் நிறுத்துமிடம் ஒன்று ஒரு பக்கமாக இறங்குகிறது என்று அவள்தான் சொன்னாள். மூன்று நாள் கட்டிடத்தை மூடினார்கள். நாலாவது நாள் தெரிந்தது, இறங்கியது கட்டிடம் இல்லை, அவள் கருவி நின்ற முக்காலியின் ஒரு கால். யாரும் திட்டவில்லை. அடுத்த ஆட்குறைப்புப் பட்டியலில் அவள் பெயர் முதலில் வந்தது. விசா விதிப்படி அறுபது நாளுக்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்ற நிலையில், ஐம்பத்து நாலாவது நாள் கலிபோர்னியாவிலிருந்து இந்தக் கம்பெனியின் முதலாளி தீபக் கூப்பிட்டு வேலை கொடுத்தான்.

அதனால் மதியம் முழுக்கச் சாப்பிடாமல் தன் தப்பைத் தேடினாள். இரண்டு அளவுகளையும் எந்தப் புள்ளிகளை வைத்துப் பொருத்தினோம் என்று பார்த்தாள். சில புள்ளிகள் சுவரடி மண்ணில் இருந்தன. மண் இறங்கியிருந்தால் அவையும் நகர்ந்திருக்கும். அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு, மலையோடு மலையாகக் கிடக்கும் மூன்று பாறைகளை மட்டும் வைத்து மறுபடி பொருத்தினாள். பதினான்கு பதினொன்றாகக் குறைந்தது. தன் தப்புதானோ என்று தோன்றியது. இன்னொரு முறை, இன்னொரு வழியில். பதினொன்று. ட்ரோன் பறந்த உயரத்தைச் சரிபார்த்தாள். பதினொன்று. சிவப்புத் திட்டு ஓரங்களில் சுருங்கியதே தவிர நடுவில் அசையவில்லை. படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோது கற்களுக்கு நடுவே இருந்த இடுக்குகள் வாய் திறந்திருப்பது தெரிந்தது. இரண்டு வருடம் முன்பு அதே இடத்தில் இருந்த பாசி இப்போது இரண்டாகக் கிழிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அந்தச் சுவரடியில் திருவிழா.

கிரிசாகாவின் கதையை அவள் ஹோரிகுச்சி அனுப்பிய எண்பது பக்கப் புத்தகத்தில் படித்திருந்தாள். ஹோரிகுச்சி அந்த ஊரின் தொல்பொருள் அலுவலர், அடுத்த மார்ச்சில் ஓய்வு பெறப்போகிறவர். நானூறு வருடத்துக்கு மேலாயிற்று. எதிரிப் படை மலையைச் சூழ்ந்தபோது, அப்பனை இழந்த பத்தொன்பது வயது இளவரசனும் நாற்பது வீரர்களும் வடக்கு மூலையில் ஏழு நாள் தாக்குப் பிடித்தார்களாம். எல்லாம் எரிந்தும் வடக்குச் சுவர் மட்டும் விழவில்லையாம். சில வருடம் கழித்து, ஒரு சிற்றரசுக்கு ஒரே கோட்டைதான் இருக்க வேண்டும் என்று தலைநகரிலிருந்து உத்தரவு வந்தது. எரியாமல் மிஞ்சியதையும் இடித்தார்கள். அப்போதும் வடக்குச் சுவரை யாரும் தொடவில்லை என்பது ஊர் நம்பிக்கை. ஆண்டுதோறும் ஏப்ரலில் சாமிப் பல்லக்கைத் தூக்கிக்கொண்டு ஊரே அந்தச் சுவரடிப் பாதையில் ஏறும். எழுநூறு பேராவது வருவார்கள். பாதையின் அகலம் எட்டடி.

மூன்று மணிக்கு அவள் தீபக்கின் அறைக்குப் போனாள். தீபக் அவளைவிட இரண்டு வயது சின்னவன், சென்னை அண்ணா நகர்ப் பையன், சொந்தமாகக் கம்பெனி தொடங்கி ஆறு வருடமாக நெஞ்சில் கை வைத்தபடியே நடத்திக்கொண்டிருப்பவன். திரையை ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு நாற்காலியில் சாய்ந்தான்.

"ப்ரியா, நம்ம ஸ்கோப் என்ன? படம். அந்தச் சுவத்துமேல கோட்டையை நிக்க வெச்சுக் காட்டணும், அவ்ளோதான். ஸ்ட்ரக்சரல் ஒப்பீனியன் குடுக்க நமக்கு லைசென்ஸே கெடையாது."

"ஒப்பீனியன் குடுக்க வேண்டாம் தீபக். நம்பரைக் குடுக்கலாம். ஞாயித்துக்கெழமை அத்தனை ஜனமும் அதுக்கு அடியில போகுது."

"நீ சொல்லி, அவங்க ஊர்வலத்த நிறுத்தி, சுவர் கல்லாட்டம் நின்னுச்சுன்னு வை. அப்புறம் ஜப்பான்ல நம்மள ஒருத்தன் கூப்பிடுவானா?" கொஞ்சம் தயங்கிவிட்டு, மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "இன்னொரு ரவுண்ட் ராக் வேணாம் ப்ரியா."

அவள் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"லாயர்கிட்ட கேட்டுட்டு மண்டே மெயில் போடலாம்," என்றான்.

"மண்டேன்னா அங்க எல்லாம் முடிஞ்சிருக்கும்."

"பதினோரு பேர் வேலை இதுல இருக்கு. உன் க்ரீன் கார்ட் ஃபைலிங்கும் இந்தக் கம்பெனி பேர்லதான் இருக்கு. கொஞ்சம் யோசி." அவன் அதை மிரட்டலாகச் சொல்லவில்லை. அவனும் பயந்துதான் சொன்னான். அதுதான் அவளுக்கு இன்னும் கலக்கமாக இருந்தது.

நாலே முக்காலுக்கு அலுவலகத்தை விட்டுக் கிளம்பினாள். வீட்டுக்குப் போகும் திருப்பத்தில் திரும்பாமல், சிவா விஷ்ணு கோயில் வாகன நிறுத்துமிடத்தில் போய்க் காரை நிறுத்தினாள். சாமி கும்பிட வரவில்லை. தெரிந்தவர்கள் யாரும் ஜன்னலைத் தட்டாத ஓரமாக ஓர் இடம் வேண்டியிருந்தது. கணவன் திருமூர்த்தியை அழைத்தாள். அவன் சான் ஹோசேயிலிருந்து வந்துகொண்டிருந்தான்.

"சுனோல் ஏத்தத்துல நிக்கறேன் ப்ரியா. வண்டி நகரவே இல்ல. என்ன?"

எல்லாவற்றையும் சொன்னாள். மறுமுனையில் இண்டிகேட்டர் சத்தம் மட்டும் டக் டக்கென்று கேட்டது.

"உனக்கு நெசமாலுமே நகுந்திருக்குதுன்னு படுதா?"

"மூணு தடவை பாத்துட்டனுங்க. நகுந்துதான் இருக்குது. ஆனா அன்னைக்கும் மூணு தடவை பாத்தேன்."

டெக்சாஸில் அந்த ஐம்பத்து நாலு நாளும் அவன்தான் அவளைச் சாப்பிட வைத்தான். அவன் வேலை பார்க்கும் அனுமதியும் அவள் விசாவின் வாலில் தொங்கியது. அது இருவருக்குமே தெரியும் என்பதால் யாரும் சொல்லவில்லை.

"நான் வேண்டாம்னா உட்ருவியா?" என்று கேட்டான்.

"மாட்டனுங்க."

"அப்பறம் எதுக்கு என்னையக் கேக்கறே?" கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை அந்தக் குரலில். "கூப்புட்டுப் பேசு. நான் வீட்டுக்குப் போயி அரிசி போடறேன்."

கிரிசாகாவில் அப்போது வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி. போன் இரண்டாவது முறை அடித்ததுமே ஹோரிகுச்சி எடுத்தார். அவர் ஆங்கிலம் நின்று நின்று வரும், ஆனால் தப்பில்லாமல் வரும். திருவிழாவுக்கு வானிலை நன்றாக இருக்கிறது என்று சந்தோஷமாகத் தொடங்கினார். அவள் குறுக்கிட்டு, வடக்குச் சுவர் பதினொரு சென்டிமீட்டர் முன்னால் வந்திருக்கிறது என்றாள். இடத்தைச் சொன்னாள். தன் கம்பெனி இதைச் சொல்லச் சொல்லவில்லை, தானாகச் சொல்கிறேன் என்பதையும் சொன்னாள்.

மறுமுனையில் எங்கோ காகம் கத்தியது.

"கல் வேலைக்காரர்கள் இதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்," என்றார் ஹோரிகுச்சி. "சுவருக்கு வயிறு வந்துவிட்டது என்பார்கள். உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமா?"

நிச்சயம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். "ஒரு தடவை நான் இப்படிச் சொல்லித் தப்பாகப் போயிருக்கிறது," என்று வந்தது.

"அப்போது யாராவது இறந்தார்களா?"

"இல்லை. கட்டிடம் நன்றாகத்தான் இருந்தது. என் வேலைதான் போயிற்று."

"போனை வைக்காதீர்கள். நான் போய்ப் பார்க்கிறேன்," என்றார்.

பத்து நிமிடம் அவர் மூச்சு வாங்கும் சத்தத்தையும் சரளைக்கல்லில் செருப்பு தேய்வதையும் கேட்டுக்கொண்டு காரில் உட்கார்ந்திருந்தாள். கோயிலிலிருந்து ஒரு குடும்பம் பிரசாதக் கிண்ணங்களோடு வந்து பக்கத்துக் காரில் ஏறியது.

"வந்துவிட்டேன்," என்றார் ஹோரிகுச்சி. "நான் தினமும் பார்க்கும் சுவர். எனக்கு ஒன்றும் தெரியவில்லை."

"பக்கவாட்டில் நின்று பாருங்கள். அடியில் நிற்காதீர்கள்."

"இடுக்கு இருக்கிறது. என் விசிட்டிங் கார்டு உள்ளே போகிறது." துணி உரசும் சத்தம். "கார்டு விழுந்துவிட்டது. உள்ளே போய்விட்டது. இங்கே கயிறு கட்டுவதற்கு மூங்கில் குச்சி ஒன்று வைத்திருக்கிறார்கள். விடுகிறேன். போகிறது. இன்னும் போகிறது."

"ஹோரிகுச்சி சான், விலகி வாருங்கள்."

"முழங்கை நீளம் போய்விட்டது. பின்னால் ஒன்றுமே இல்லாதது போல..."

அப்போது அவளுக்கு அந்தச் சத்தம் கேட்டது. முறத்திலிருந்து அரிசி சரிவதுபோல, மெல்லியதாக, சுவருக்கு உள்ளேயிருந்து. ஒரு கணம் நின்றது. மறுபடி சரிந்தது, முன்னைவிடக் கொஞ்சம் நீளமாக.

"வெளியே வாங்க!" தமிழில் கத்தினாள். "வெளியே வாங்கய்யா, வெளியே வந்துருங்க!"

அவருக்கு அந்த வார்த்தைகள் புரிந்திருக்காது. ஓடும் சத்தம் கேட்டது. பிறகு இருமல். பிறகு அவர் குரல், தூரத்திலிருந்து பேசுவதுபோல: "கேட்டேன். நானும் கேட்டேன்."

சுவர் விழவில்லை.

மறுநாள், லிவர்மோரின் வெள்ளிக்கிழமை காலையிலேயே தீபக்குக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. கிரிசாகா ஊராட்சியிலிருந்து முறையான கடிதம் வந்திருந்தது. அவன் கத்தவில்லை. கதவைச் சாத்தச் சொன்னான். "என்கிட்ட சொல்லிட்டுச் செஞ்சிருக்கலாம்," என்றான். சொல்லியிருந்தால் விட்டிருக்க மாட்டான் என்பது அவனுக்கே தெரிந்ததால் அதற்கு மேல் அந்தப் பேச்சு ஓடவில்லை. அவளைக் கிரிசாகா வேலையிலிருந்து எடுத்துவிட்டு, டெக்சாஸில் ஒரு கிடங்கின் கூரையை அளக்கும் வேலையில் போட்டான். க்ரீன் கார்ட் ஃபைலிங் பற்றி அடுத்த காலாண்டில் பேசலாம் என்றான்.

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, அங்கே ஞாயிறு காலை ஒன்பதுக்கு, ஊராட்சி திருவிழாவை இணையத்தில் நேரலையாகக் காட்டியது. திருமூர்த்தி மடிக்கணினியைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்துக்கொண்டிருப்பதாக மூலையில் காட்டியது. தாரை, தப்பட்டை போலவே ஒலிக்கும் ஏதோ பறையோடு, நீலச் சட்டை அணிந்த ஐம்பது ஆண்கள் பல்லக்கைக் குலுக்கிக்கொண்டே மலையேறினார்கள். பாதை பிரியும் இடத்தில் மஞ்சள் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு முன்னால் ஹோரிகுச்சி தனியாக நின்றார். கறுப்புக் கோட்டு, டை. புகைப்படத்தில் பார்த்ததைவிடக் குள்ளமாக இருந்தார்.

பல்லக்கு நின்றது. முன் கம்பைப் பிடித்திருந்த பருத்த மனிதர் கயிற்றைக் காட்டி ஏதோ கேட்டார். ஹோரிகுச்சி பதில் சொன்னார். அந்த மனிதர் குரலை உயர்த்தினார். பின்னால் நின்றவர்களும் கத்தத் தொடங்கினார்கள். மொழி தெரியாவிட்டாலும் என்ன கத்துகிறார்கள் என்பது அவளுக்குத் தெரிந்தது. விழாத சுவர் விழுமென்று சொல்ல நீ யார் என்று கேட்கிறார்கள். எங்கோ அமெரிக்காவில் உட்கார்ந்து யாரோ ஒருத்தி சொன்னாள் என்றா?

ஹோரிகுச்சி இடுப்பை மடித்துக் குனிந்தார். மரியாதைக்குக் குனிகிற குனிவு, ஒரு நொடியில் நிமிர்ந்துவிடுவார் என்று நினைத்தாள். அவர் நிமிரவில்லை. பல்லக்கின் எடை தோளில் அழுத்த ஐம்பது பேரும் நின்றார்கள். பருத்த மனிதர் கயிற்றில் கை வைத்தார். ஹோரிகுச்சியின் தலை அந்தக் கைக்குக் கீழே இருந்தது. திருமூர்த்தி எழுந்து நின்றுவிட்டான். "தாண்டிருவானுங்க," என்றான். "இவரையும் தள்ளிட்டுத் தாண்டிருவானுங்க."

எவ்வளவு நேரம் அப்படி இருந்தது என்று அவளால் பிறகு சொல்ல முடியவில்லை. கடைசியில் அந்த மனிதர் கயிற்றை விட்டார். என்னவோ ஒரு சொல் சொன்னார். பல்லக்கு மெதுவாகத் திரும்பி, கார் போகும் தார்ச்சாலை வழியே இறங்கியது. பாட்டு நின்றுபோயிருந்தது. கேமரா பல்லக்கோடு போகாமல், மறந்ததுபோல் அங்கேயே நின்றது. குனிந்த மனிதரும், அவருக்குப் பின்னால் ஏப்ரல் வெயிலில் ஓங்கி நின்ற சுவரும் தெரிந்தன. சுவரில் ஓர் அசைவும் இல்லை.

'விழேன்,' என்று மனத்துக்குள் ஏதோ சொன்னது. 'பாதையில் யாரும் இல்லை, இப்போது விழுந்து தொலையேன்.' அந்தக் குரல் தன்னுடையதுதான் என்று தெரிந்ததும் மடிக்கணினியை மூடினாள்.

அடுத்து வந்த ஐந்து வாரங்கள்தான் எல்லாவற்றிலும் மோசம். சுவர் நின்றது. ஊர்ப் பத்திரிகையில் ஹோரிகுச்சியைக் கிழித்திருந்தார்கள். அவளே மொழிபெயர்ப்பில் போட்டுப் படித்தாள். காலையில் பல் தேய்ப்பதற்கு முன் கிரிசாகாவின் வானிலையைப் பார்ப்பது பழக்கமாயிற்று. மழை என்றால் மழை பெய்கிறதே என்று பயம், மழை இல்லை என்றால் சுவர் நிற்கிறதே என்று பயம். கிடங்குக் கூரையின் அளவுகளை அவள் நாலு முறை, ஐந்து முறை சரிபார்ப்பதைத் தீபக் தன் அறையின் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்தான். ஓரிரவு படுக்கும்போது திருமூர்த்தி கேட்டான்: "தப்பாவே இருந்தாத்தான் என்ன? எழுநூறு பேரு சுத்தி நடந்தாங்க, அவ்வளவுதான?" அவளுக்கு அது ஆறுதலாக இல்லை. ஆனால் அவன் சொன்னதற்காக அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மே மாத முடிவில், பெருமழைக் காலத்துக்கு முன், மாவட்டத்திலிருந்து கல் சுவர் வல்லுநர்கள் வந்தார்கள். முன்வரிசைக் கற்களுக்கு எண் எழுதி, ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். ஜூன் முதல் வாரம் ஹோரிகுச்சி அவளுடைய சொந்த மின்னஞ்சல் முகவரிக்குக் கடிதம் எழுதினார். சுவருக்குப் பின்னால் நிறைத்திருந்த சிறு கற்கள் அடியோடு சரிந்துபோய், ஓர் ஆள் நுழையும் அளவுக்கு வெற்றிடம் இருந்தது. முன்வரிசை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சும்மா நின்றிருக்கிறது. இன்னொரு மழையைத் தாங்கியிருக்காது.

கடிதம் அதோடு முடியவில்லை. பின்னால் இன்னொரு சுவரின் அடிவரிசை கிடைத்திருக்கிறது. செதுக்கிய பெரிய கற்கள், கோட்டை கட்டியவர்களின் கை. அந்தச் சுவரை மூலையிலிருந்து முறையாகப் பிரித்து இறக்கியிருக்கிறார்கள். உத்தரவு வந்தபோது வடக்குச் சுவரையும் இடித்திருக்கிறார்கள், மற்றதைப் போலவே. இத்தனை காலமும் ஊர் கும்பிட்டது அதற்கு முன்னால் பிறகு எழுப்பிய சுவர். அதில் ஆற்றுக்கல் இருக்கிறது, வீட்டு அஸ்திவாரக் கல் இருக்கிறது, உடைந்த மாவரைக்கும் திரிகைக் கற்கள் மட்டும் பதினேழு இருக்கின்றன. வீரர்களும் இளவரசனும் போன பிறகு, காப்பு இல்லாத மலை வயல்மேல் சரியாமலிருக்க உழவர்கள் கைக்குக் கிடைத்ததை வைத்துக் கட்டியது. 'நாங்கள் நானூறு வருடமாக வேறு யாருக்கோ நன்றி சொல்லிக்கொண்டிருந்தோம் போலிருக்கிறது. இதை ஊர்க் கூட்டத்தில் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. புதன்கிழமை சொல்ல வேண்டும்,' என்று எழுதியிருந்தார். மறுபடி கட்டும்போது இளவரசனின் சுவரைக் கட்டுவதா, உழவர்களின் சுவரைக் கட்டுவதா என்று அதற்குள்ளேயே இரண்டு கட்சி ஆகிவிட்டதாம்.

கடிதத்தோடு ஒரு கோப்பு இருந்தது. கற்களை எடுத்த பிறகு உள்ளூர்க்காரர் ஒருவர் ட்ரோனில் அளந்தது. இது வேலை இல்லை, நீங்கள் பார்க்க வேண்டும் என்று தோன்றியதால் அனுப்புகிறேன் என்றிருந்தது.

சனிக்கிழமை காலை, திருமூர்த்தி தோட்டத்தில் குழாயைத் திருகிவிட்டு எதையோ முணுமுணுத்துக்கொண்டிருக்கும்போது, அதைத் திறந்தாள். நாலு கோடிப் புள்ளிகள் ஒவ்வொன்றாக ஏறி மலையாகக் கூடின. தோப்புகள், கூரைகள், பள்ளி மைதானத்தில் வரிசையாகப் படுக்கவைத்த கற்கள். வடக்குப் பக்கம் பெரிதாக வாய் பிளந்திருந்தது, உள்ளே ஈர மண். அந்தப் பிளவின் அடியிலிருந்து ஒரு கறுப்புக் கோடு தொடங்கியது. அளவில் ஏதோ பிழை என்று கைப்பழக்கத்தில் அதைப் பெரிதாக்கினாள். அங்கே ஒரு புள்ளிகூட இல்லை. லேசர் போன இடத்திலிருந்து திரும்பி வரவில்லை. கல்லில் பட்டால் திரும்பும், மண்ணில் பட்டால் திரும்பும், இலையில் பட்டாலும் திரும்பும். தண்ணீரில் பட்டால்தான் திரும்பாமல் அப்படியே அமுங்கிப்போகும்.

மலைக்குள் அடைபட்டு இத்தனை நாளும் சுவரைத் தள்ளிய தண்ணீர் வழி கண்டு இறங்கிக்கொண்டிருந்தது. விரல் அகலக் கறுப்பாக, ஊர்வலம் போகும் பாதையைக் குறுக்கே வெட்டி, மஞ்சள் கயிற்றின் கம்பங்களுக்கு இடையே நுழைந்து, தோப்புகளைச் சுற்றி வளைந்து, கீழே கூரைகள் நெருங்கி நிற்கும் இடம்வரை அது போயிற்று. அதற்கு அப்பால் அளவு எடுத்திருக்கவில்லை.